நூலகரை எங்களுக்குத் திரும்பத் தாருங்கள்

மதிப்பிற்குரிய நகர மன்ற நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் உங்கள் ஊரில் வரி கட்டி வாழும் தமிழர்களில் ஒருவன் எழுதுகிறேன்.

எங்கள் கிளை நூலகத்தில் மாலை நேரத்து நூலகரை எடுத்துவிட்டீர்கள். இப்போது அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது, புத்தகத்தை இயந்திரத்தில் பதிந்துகொள்ளலாம். சரி. ஆனால் ஆளில்லாத நேரத்தில் பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் நுழையக் கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கிறீர்களே! போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி விட்டு வந்து அந்த வாசலில் நின்றான். அம்மாவுக்கு மருத்துவமனையில் துப்புரவு வேலை. அப்பா இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டுத் தூங்குகிறார். அவன் யாரைத் துணைக்குக் கூட்டி வருவான்? மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

நூலகரைத் திரும்ப நியமியுங்கள்.

ஊர் வரியில் பொது நூலகம் நடத்த மன்றங்களை அனுமதித்த 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் யூவர்ட்டின் நாடாளுமன்றக் குழு முன் அதற்காகச் சாட்சி சொன்ன எட்வர்ட் எட்வர்ட்ஸ் ஒரு கொத்தனாரின் மகன். தானும் கொத்துவேலை பழகி, பெரும்பாலும் தானே படித்து முன்னேறியவர். அந்தச் சட்டம் சொத்தின் வரி மதிப்பில் பவுண்டுக்கு அரைப் பென்னிக்கு மேல் வரி போட விடவில்லை, அதிலும் புத்தகம் வாங்கக் கூடாது என்றது. அவ்வளவு கஞ்சத்தனமான சட்டம்கூட நூலகருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றது! புத்தகங்களை நன்கொடையில் வாங்கி, தொழிலாளிகளின் காசும் சேர்ந்து, 1852-இல் மான்செஸ்டர் நூலகம் திறந்தது. அதன் முதல் நூலகர் எட்வர்ட்ஸ்தான்.

அவரையும் ஒரு குழுதான் 1858-இல் வெளியேற்றியது. 1886-இல் வைட் தீவில் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கு நினைவுக்கல் வைக்கவே 1902 ஆயிற்று. அதையும் தாமஸ் கிரீன்வுட் என்ற தனிமனிதர் செய்தார். நூலகங்களைப் பற்றிப் பெருமை பேசுகிற மன்றங்களுக்கு நூலகர்கள் எப்போதும் செலவுக் கணக்கு மட்டும்தானா? சாலைக்கும் விழாவுக்கும் பணம் கிடைக்கிறது, ஒரு ஆளின் சம்பளம் மட்டும் சுமையாகத் தெரிகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே: நூலகரைத் திரும்ப நியமியுங்கள். முழுநேரமும் முடியாவிட்டால், பள்ளி விட்ட பின் கதவு பூட்டும் வரையாவது சம்பளத்துக்கு ஒருவரை வையுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளை நூலக வாசகன்