ஆறாத புண்ணுக்கென்று ஒரு தனி ஓ.பி.

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் கால் புண்ணோடு அரசு மருத்துவமனைக்கு வருகிறவர் எந்த வரிசையில் போய் நிற்க வேண்டும் என்ற கேள்வியை உங்கள் இதழ் வழியாகச் சுகாதாரத் துறையின் முன் வைக்க விரும்புகிறேன். என் அண்ணனுக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 14 மாதங்கள் ஆயின.

அண்ணன் சேலம் அம்மாபேட்டையில் முப்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். நான்கு தறிகளுக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே அறுந்த இழையைப் பிணைப்பதும் தறி நாடாவில் நூல் தார் மாற்றுவதும்தான் அவர் வேலை. இடது காலில், உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே, கொசு கடித்துச் சொறிந்த இடம் புண்ணானது. அவருக்குச் சர்க்கரையும் இருந்ததால் பார்த்தவர்கள் எல்லோருமே சர்க்கரைப் புண் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினார்கள். அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து சர்க்கரைப் பிரிவுக்கும், அங்கிருந்து தோல் பிரிவுக்கும் சீட்டு மாறியது. ஒவ்வொரு முறையும் புதிய மருத்துவர். புண் போன வாரத்தைவிடச் சிறுத்திருக்கிறதா, பெருத்திருக்கிறதா என்று சொல்ல யாரிடமும் ஓர் அளவுகூட இல்லை.

கட்டுப் போடும் அறையில் நான் பலமுறை அவரோடு இருந்திருக்கிறேன். காஸ் துணி காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரே இழுப்பில் உரித்தால், அதற்கு முந்தைய நாட்களில் முளைத்திருந்த இளஞ்சிவப்புச் சதையும் துணியோடு சேர்ந்து வந்துவிடும். ஊசி முனை ஊசி முனையாக இரத்தம் கசியும். அண்ணன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருக்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்த செவிலியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பின்னால் அறுபது பேர் காத்திருந்தார்கள். ஈரப்பதம் காக்கப்பட்ட புண் காயவிட்ட புண்ணைவிட விரைவாக மூடும் என்று ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் செய்த சோதனையில் காட்டியது 1962-ஆம் ஆண்டில். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கட்டுப் போடும் அறைகளுக்கு அந்தச் சேதி முழுதாக வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கடைசியில் உறவினர் ஒருவர் சொல்லி, கோவையில் புண்ணுக்கென்றே இயங்கும் ஒரு தனியார் புறநோயாளிப் பிரிவுக்குப் போனோம். அங்கே முதலில் மருந்தே போடவில்லை. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை எடுத்து, டாப்ளர் என்ற சிறு கருவியால் நாடியின் ஓசையைக் கேட்டு, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்த்தார்கள். அந்த எண் 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் கணுக்கால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால், கால் கட்டைவிரலிலும் அளந்தார்கள். அண்ணனுக்குத் தமனி நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தது இரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் சிரைகளின் தடுக்கிதழ்கள். நாம் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று சொல்வோமே, அதன் முற்றிய நிலை. நாளெல்லாம் நிற்கும் வேலையில் இரத்தம் கீழேயே தேங்கி, அழுத்தம் ஏறி, தோல் கறுத்துத் தடித்து, கடைசியில் வெடித்திருக்கிறது. விசைத்தறிகள் நிறைந்த இந்த ஊரில் இப்படிப்பட்ட கால்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இதற்கான சிகிச்சை, விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை நான்கு அடுக்காகச் சுற்றும் அழுத்தக் கட்டு. கணுக்காலில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைக்கும்படி சுற்ற வேண்டும். வாரம் ஒரு முறை மாற்றினால் பெரும்பாலும் போதும். தமனி அடைத்த காலில் இதே கட்டைச் சுற்றினால் காலே போய்விடக்கூடும் என்பதால்தான் அளப்பது முதலில் வருகிறது. அண்ணனின் புண் 11 வாரத்தில் மூடியது. 14 மாதம் தினமும் பிரித்துக் கட்டியும் ஆறாத புண் அது. மருத்துவமனையில் ஒரு நாள்கூட அவர் படுக்கவில்லை.

உள்ளங்கால் புண்ணின் கதை வேறு. சேலத்துக் கட்டு அறை வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கத்திலிருந்து வந்தவர். காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். கட்டைவிரலின் அடியில், தடித்த காய்ப்புக்கு நடுவே, ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் காலைத் தொங்கப் போட்டபடியே இறங்கி வந்ததில் கட்டு நனைந்துவிட்டிருந்தது. எப்படி அம்மா இந்தக் காலோடு சரிவில் ஏறி இறங்கினீர்கள் என்று கேட்டேன். “வலி இருந்தா நான் வேலைக்குப் போயிருப்பேனா டீச்சர்?” என்றார்.

அவர் சொன்னதுதான் நோயின் வேர். நாட்பட்ட சர்க்கரை காலின் உணர்வைப் பறித்துவிடுகிறது. குத்தினாலும் சுட்டாலும் தெரிவதில்லை. காய்ப்பு தடித்து, ஒவ்வோர் அடிக்கும் அதே இடம் நசுங்குகிறது. அந்த இடத்தின் மீது உடல் எடை விழாமல் தடுக்காதவரை எந்தக் களிம்பும் பயன் தராது. இந்த அறிவு நம் மாநிலத்திலேயே வளர்ந்தது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது கிருமியால் மட்டும் அல்ல, வலி தெரியாமல் மிதித்து மிதித்தே என்று கண்டு, மாவுக்கட்டாலும் மென்மையான ரப்பர் செருப்பாலும் அந்தப் பாதங்களைக் காத்தார். தொழுநோயாளிகளுக்கு இன்றும் தரப்படும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். உணர்விழந்த சர்க்கரைக் காலுக்கும் அதே செருப்பு வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வொன்று 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். சர்க்கரையால் காலை இழப்பவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு முதலில் வந்தது ஒரு புண் என்பதும் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்ததே. ஆனால் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. விரலை எடுக்க உதவி கிடைக்கிறது. அதை எடுக்காமல் காப்பாற்றப் பன்னிரண்டு வாரம் வந்து போகிறவருக்குப் பஸ் கட்டணத்தோடு நாள் கூலியும் போகிறது. அந்த மலை அம்மா மறு வாரமும் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வராமல் போயிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

எனவே சேலம் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு காலையாவது ஆறாத புண்ணுக்கென்று மட்டும் ஓ.பி. நடத்த வேண்டும், அதே குழு மாதம் இரண்டு முறை ஏற்காட்டுக்கும் ஏற வேண்டும் என்று கேட்கிறேன். புதுக் கட்டடம் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் ஒரே மேசையில் இருந்து, செத்த சதையை நீக்கி, தமனியையும் உணர்வையும் சோதித்து, அழுத்தக் கட்டா செருப்பா என்று அங்கேயே முடிவெடுத்தால், நோயாளி மூன்று பிரிவுகளுக்கு அலைய வேண்டியதில்லை. இரத்த ஓட்டம் குறைந்த காலை அன்றே இரத்தக்குழாய் மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். கட்டுப் போடுவதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் நிலையாக இருப்பது மிக முக்கியம்; என் அனுபவத்தில் மருத்துவரைவிட அவர் கைதான் புண்ணை அறியும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்து, புண்ணின் நீள அகலத்தை வாரந்தோறும் அதில் எழுத வேண்டும். நான்கு வாரத்தில் பாதியளவுக்குச் சுருங்காத சர்க்கரைப் புண் அதே சிகிச்சையில் ஆறுவது அரிது என்பதால், அந்த அட்டையைப் பார்த்ததுமே வழியை மாற்றலாம். ஆண்டுக்கணக்கான புண்ணின் விளிம்பு தடித்தால் சதைத் துணுக்கை எடுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்பவும் தவறக் கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. புண்ணில் காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை எதையும் வைக்காதீர்கள். நுரைத்துப் பொங்கும் மருந்தைத் தினமும் ஊற்றாதீர்கள்; அது கிருமியோடு முளைக்கும் சதையையும் அரிக்கிறது. இரவில் படுக்கும் முன் சர்க்கரை உள்ள அப்பா அம்மாவின் உள்ளங்காலை விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். அப்படி ஒரு ஓ.பி. தொடங்கி, அட்டையில் அளவு எழுத ஆள் இல்லை என்றால், வாரம் ஒரு காலை நான் வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.