பொது முகவரியா, பகிர்வு முகவரியா? ஒப்பந்தத்திலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்து ஆலய மண்டபத்தில் பழைய கணினி ஒன்றை வைத்து, தோட்டத்தின் பழைய படங்களையும் திருவிழாக் கணக்குகளையும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் குடிபெயர்ந்துவிட்டவர்கள் பார்க்கும்படி செய்திருக்கிறோம். மின்சாரம் தடைப்பட்டு ரௌட்டர் மீண்டும் இயங்கும்போதெல்லாம் இணைய முகவரி மாறிவிடுவதால், புதிய எண்ணை டிஎன்எஸ் பதிவில் (தளப் பெயரை முகவரி எண்ணோடு இணைக்கும் இணையப் பதிவேட்டில்) தானே எழுதும் சிறு நிரல் ஒன்றைக் கட்டளை வரியில் இயங்குமாறு எழுதினேன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரோன் என்னும் நேர ஏற்பாட்டு நிரல் அதை எழுப்பும். முதல் வடிவத்தில், முகவரி மாறியதா என்று பாராமல் ஒவ்வொரு முறையும் பதிவை அனுப்பினேன். பதிவை வைத்திருக்கும் சேவையகம் 'அப்யூஸ்' (முறைகேடான பயன்பாடு) என்று பதிலளித்துக் கணக்கை முடக்கியது. பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடத்தில், தினமும் பெயர் கூப்பிட்டாலும் ஆள் மாறினால்தான் பேரேட்டைத் திருத்துவோம் என்பது, முப்பது ஆண்டுகள் கிராணியாக (தோட்ட எழுத்தராக) இருந்த எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இப்போது நிரல் கடைசியாக எழுதிய எண்ணைக் கோப்பில் வைத்து ஒப்பிடுகிறது; எங்கள் முகவரி எது என்று கேட்டதற்கு வெளியிலிருந்து வரும் பதில் உண்மையிலேயே ஒரு முகவரிதானா என்றும் பார்க்கிறது. ஒருமுறை முகவரிக்குப் பதிலாகப் பிழைப் பக்கமே வந்துவிட்டது.

இவ்வளவும் சரியான பிறகு, இணையச் சேவையை மாற்றியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. நிரல் 'குட்' (பதிவு ஏற்கப்பட்டது) என்று பதில் பெறுகிறது. பதிவிலும் சரியான எண் இருக்கிறது. ஆனால் யாராலும் உள்ளே வர முடியவில்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து ரௌட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்த்தபோதுதான், அதற்குத் தரப்பட்டிருந்த முகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. வெளியில் தெரியும் எண் எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே அதைத் தேடி வருபவர் நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

பகிர்வதை நான் குறை சொல்லவில்லை. ஐபிவி4 என்னும் பழைய முகவரி முறையில் உள்ள முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. என் குறை, வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லாமல் விடுவதுதான். கையொப்பம் வாங்கும் தாளில், தரப்படுவது பொது முகவரியா, பகிர்வு முகவரியா, கூடுதல் கட்டணத்துக்குப் பொது முகவரி கிடைக்குமா என்பதை இணைய நிறுவனங்கள் ஒரே வரியில் குறிப்பிட வேண்டும். கடையில் இருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அதுவரை, என் நிரல் ரௌட்டரின் எண்ணை முதலில் கேட்டு, அது அந்தத் தொகுதிக்குள் இருந்தால் பதிவைத் தொடாமல் 'பகிர்வு முகவரி, வெளியிலிருந்து வர இயலாது' என்று எழுதிவிட்டு நின்றுவிடும்படி திருத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்