அண்ணி, அந்த வேலையை இறக்கி வையுங்கள்

அன்புள்ள அண்ணி,

இதைப் போனில் சொல்ல இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன், அப்புறம் பாப்பாவின் பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன். பொதுவில் போடலாமா என்று கேட்டதற்கு, "பேர் போடாம போடு, என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரோ" என்றீர்கள். பேர் போடவில்லை. ஊரும் போடவில்லை.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன் இல்லையா, அந்தத் திங்கட்கிழமை காலை ஆபீஸிலிருந்து அண்ணனின் போன் அடித்தது. ராத்திரி குடித்த போதையில் அவன் கட்டிலில் கிடந்தான். நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். பாப்பா போனை எடுத்து, "அப்பாவுக்குக் காய்ச்சல் அங்கிள், நாளைக்கு வந்துருவாங்க" என்றாள். ஒன்பது வயதுக் குழந்தை. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரியும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு ஷூவுக்கு பாலிஷ் போடப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பொய்யை அதே தொனியில் பத்து வருடம் சொன்னவள் நான்.

உங்களுக்குத் தெரியாத காலம் அது. அப்பா போனபின் அண்ணன் குடிக்க ஆரம்பித்து, முதலில் சனிக்கிழமை, அப்புறம் தினமும் என்று ஆனது. ராத்திரி பைக்கை அவன் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே தடவையில் நின்றால் ஒரு குவார்ட்டர். இரண்டு மூன்று தடவை தடுமாறினால் அம்மாவை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு நான் கதவைத் திறப்பேன். பைக் பெட்டியைத் தேடுவேன், சட்டைப் பையைத் தேடுவேன், பாட்டிலில் தண்ணீர் கலந்து வைப்பேன். கடன்காரர் வந்தால் என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அவன் சிரித்த நாளில் நான் சிரிப்பேன். எனக்கென்று தனியாக ஒரு நல்ல நாளோ கெட்ட நாளோ அந்த வருடங்களில் இருந்ததாக நினைவில்லை.

இனி எழுதப்போவதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே, குடியை நிறுத்தத் தரும் டைசல்பிரம் மாத்திரை வாங்கினேன். பொடித்து சாம்பாரில் கலந்து அவனுக்குப் போட்டேன். அவன் வழக்கம்போல் போய்க் குடித்தான். முகமெல்லாம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாந்தி நிற்காமல் வந்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. "என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார். "வெளியில ஏதோ சாப்பிட்டிருக்கார்" என்றேன். சொந்த அண்ணன் சாகக் கிடக்கிறான், அப்போதும் மூடி மறைக்கத்தான் வாய் வந்தது.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். குடித்த மது உடம்புக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதைக் கல்லீரல் சீக்கிரமே உடைத்து அப்புறப்படுத்திவிடும். டைசல்பிரம் அந்த இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. நச்சு தேங்குகிறது. குடிப்பவர் தானே சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் உயிரும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததென்று எனக்கு அனுப்பினீர்களே, "அவருக்கே தெரியாமல் ரசத்தில் கலக்கலாம்" என்று ஒரு பொடி, அதில் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்காவது தெரியுமா? தயவுசெய்து வாங்காதீர்கள் அண்ணி. வாங்கிவிட்டிருந்தால் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.

அந்த ராத்திரி நடந்து மூன்று மாதத்தில் உங்களைப் பெண் பார்க்க வந்தோம். "ஒரு கால்கட்டைப் போட்டுட்டா சரியாயிடுவான்" என்று மாமா சொன்னார், அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். உங்கள் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், "மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதாச்சும்..." என்று. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கூட்டாளிங்களோட என்னைக்காவது" என்றார் அம்மா. நான் என் கையிலிருந்த சொஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எங்களால் முடியாத ஒரு வேலையை, சம்பளமில்லாமல், விவரமும் சொல்லாமல் உங்கள் தலையில் ஏற்றினோம். பதினோரு வருடம் ஆகிறது. மன்னிப்புக் கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அல்-அனான் என்று எழுதி ஒரு விலாசம். குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசும் கூட்டம். "குடிக்கிறது அவன், நான் எதுக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டு அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆறு வருடம் அது பையிலேயே கிடந்தது. எப்போது போனேன் தெரியுமா? அண்ணன் சிகிச்சைக்குப் போய் எட்டு மாதம் தொடாமல் இருந்தானே, அப்போது. வீடே நிம்மதியாக இருந்தது, எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. தினம் நாலு தடவை உங்களுக்குப் போன் செய்து "என்ன பண்றான், வாயை மோந்து பாத்தீங்களா" என்று கேட்பேனே, ஞாபகம் இருக்கும். அவனைக் காப்பாற்றும் வேலை போனபின் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் லோயிஸ் வில்சன் கதையைக் கேட்டேன். 1935ல் அமெரிக்காவில், குடியை விட நினைப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி. ஏறத்தாழ 17 வருடம் அவரைக் குடியிலிருந்து மீட்கப் போராடியவர், தானே வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர். கணவர் கடைசியில் குடியை விட்டார், அதுவும் மற்ற குடிநோயாளிகளோடு பேசிப் பேசி அதில் நிலைத்தார். ஒருநாள் "கூட்டத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம் கிளம்பு" என்றார் பில். லோயிஸ் கையில் கிடைத்த செருப்பை எடுத்து அவர்மேல் வீசிவிட்டார். வீசிய பிறகு அவருக்கே அதிர்ச்சி. கணவர் திருந்திவிட்டார், அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்? யோசித்தபோது புரிந்ததாம்: தன்னால் முடியாததை வேறு யாரோ செய்துவிட்டார்கள் என்பதுதான் தாங்கவில்லை. அவரும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951ல் தொடங்கியதுதான் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான். நம் சென்னையிலும், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சிகிச்சை மையம் தொடங்கியபோது, குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் வகுப்பும் ஆலோசனையும் வைத்தார். அந்தச் செருப்புக் கதையைக் கேட்டு கூட்டம் நடந்த வகுப்பறையின் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுத அழுகை, அப்பா செத்தபோதுகூட அழவில்லை.

இப்படி ஒருவரின் நிலைமையையே தன் நிலைமையாக்கிக்கொண்டு, அவரைத் தாங்குவதே வாழ்க்கையாகிப் போவதை கோ-டிபென்டன்சி என்கிறார்கள். குடிநோய் சிகிச்சை மையங்களில் பிறந்த சொல். மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை. 1986லேயே ஒரு மருத்துவர் சேர்க்கச் சொல்லிக் கேட்டும் சேர்க்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. உங்களை யாராவது நோயாளி என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நீங்கள் அவனை விட்டு நகராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் மனசு. மீதிப் பாதி, நகை அடகில் இருக்கிறது, வீட்டு அட்வான்ஸ் அவன் பேரில் இருக்கிறது. இதைப் பற்றி அமெரிக்காவில் எழுதிய புத்தகம் அந்த இரண்டாவது பாதியைப் பார்க்காது. அதனால் எல்லை வகுப்பது, அதாவது எதுவரை தாங்குவேன் என்று நாமே முடிவு செய்வது, என்றதும் நான் முதலில் கேட்பது, தையல் காசு உங்கள் பேரில் தனிக் கணக்கில் போகிறதா? இல்லையென்றால் அதைத் தொடங்குங்கள். ஏடிஎம் கார்டு உங்களிடமே இருக்கட்டும்.

எல்லை என்றால் மிரட்டல் என்றே நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். "இனிமே குடிச்சா பாரு, நடக்கிறதே வேற" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். எதுவும் நடந்ததில்லை, அவனுக்கும் அது தெரியும். அவன் என்ன செய்ய வேண்டும் என்று நாம் போடும் கட்டளையை அவன் மீறலாம், மீறுவான். நான் என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன் என்பது மட்டும்தான் என் கையில். ஆபீஸிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன், அவரே பேசட்டும். ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைத்த பிறகு வந்தால் எழுந்து தோசை வார்க்கமாட்டேன், சோறு மூடி இருக்கும். வாந்தியைத் துடைக்கப் பாப்பாவைக் கூப்பிடமாட்டேன். கத்த ஆரம்பித்தால் நானும் பாப்பாவும் மாடி வீட்டு அக்காவிடம் போய்ப் படுத்துக்கொள்வோம். அவன் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், சண்டை போடாமல், ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அப்புறம் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம், உங்களால் காப்பாற்ற முடிகிற ஒன்றை மட்டும் எடுங்கள். நான் முதல் தடவை "பணம் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வட்டிக்காரர் வாசலில் நின்றதும் கொடுத்துவிட்டேன். அதன்பின் என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

எல்லை என்று நினைத்து அவனை அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்திவிடாதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று விட்டால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன்பின் புத்தி தடுமாறிப் பேதலிக்கலாம், அது ஆபத்தானது. நிறுத்துவது ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். இன்னொன்று, கை நீட்டியதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஒருநாள் நீட்டினால் எல்லை பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, பெண்களுக்கான உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, வெளியேறினால் அது போய்விடாது.

"நீதான் அவனைத் திருத்தணும்" என்று அம்மா உங்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போன வாரம் அம்மாவிடம் பேசினேன். பெற்ற உங்களால் முடியவில்லை, கூடப் பிறந்த என்னால் முடியவில்லை, வந்தவளால் எப்படி முடியும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லையாம். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. கூட்டத்தில் மூன்று வாக்கியம் சொல்வார்கள், அதை அம்மாவுக்கும் சொன்னேன்: நான் இதை உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது.

என் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. அண்ணனின் கடனுக்கு இந்த மாதத்திலிருந்து பணம் அனுப்பமாட்டேன். பாப்பாவின் ஃபீஸை நேராகப் பள்ளிக்கூடத்தில் கட்டிவிடுவேன், அதில் மாற்றமில்லை. "உன்னாலதான் என் தங்கச்சி காசு தரல" என்று அவன் உங்கள்மேல் பாய்வான், அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே அவனிடம் போனில் சொல்லிவிடுகிறேன். அவன்மேல் எனக்குப் பாசம் போகவில்லை அண்ணி. சிகிச்சைக்குப் போகிறேன் என்று அவன் வாயால் சொல்லும் அன்று முதல் ஆளாகக் கூட வருவேன்.

உங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம். காசு கேட்கமாட்டார்கள், பேரும் கேட்கமாட்டார்கள். முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். இதை எழுதும்போதே, உங்களுக்கு பஸ் டிக்கெட் போட்டு, அங்கே இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள மாடி வீட்டில் சொல்லி எல்லாவற்றையும் நானே முடித்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. எதுவும் செய்யவில்லை. இடமும் நேரமும் தனியாக உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்டால் வந்து பாப்பாவோடு இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்