பிரஷ் கழுவ ஒரு வாளியும் அரை மணி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வீட்டை நாமே பெயின்ட் அடித்துக்கொள்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டி எத்தனை கோட், பிரைமர் எதற்கு, எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று நன்றாகவே சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்ததும் பிரஷ்ஷை டின்னரில், அதாவது எண்ணெய்ப் பெயின்டைக் கரைக்கும் திரவத்தில், கழுவி வையுங்கள் என்று கடைசியில் ஒரு வரி. கழுவிய டின்னரை எங்கே ஊற்றுவது என்பது பற்றிப் பேச்சே இல்லை. அப்பா காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறோம். விட்டுப்போன அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் நெல்லைப் பக்கம் மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால்தான் பெயின்ட் வேலை சூடு பிடிக்கும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் தெருக்களில் அப்போது ஏணி சாய்க்காத வீடு குறைவு. சாயங்காலம் வேலை முடிந்து பிரஷ் கழுவ இடம் கேட்டால் வீட்டுக்காரர்கள் வாசலைக் காட்டுவார்கள். வாசலில் இருப்பது சாக்கடை, இல்லையென்றால் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அரசு கட்டாயமாக்கியதே, ஜல்லியும் மணலும் நிரப்பிய அந்தக் குழிதான். அதில் ஊற்றும் டின்னருக்கு மண்ணுக்குள் நேர்வழி கிடைத்துவிடுகிறது. பக்கத்திலேயே அந்த வீட்டுக் கிணறோ போரோ இருக்கும். சாக்கடையில் ஊற்றினால் பாளையங்கால்வாய்க்குப் போகும். அங்கிருந்து வயலுக்கு.

பெயின்டர் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. சதுர அடிக் கூலியில் பிரஷ் கழுவும் நேரத்துக்குக் காசு கிடையாது. கழுவுவதற்கு வாளியும் தருவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவன் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஊற்றிவிட்டுப் போகிறான். அரை மணி நேரக் கூலியைக் கணக்கில் சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சொந்தமாக அடிக்கிறவர்களுக்கும் சேர்த்து, எங்கள் செட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன். பிரஷ்ஷை எடுத்த எடுப்பில் குழாயடியில் காட்டாதீர்கள். முதலில் டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் அழுத்தி வழித்தால் நிறைய பெயின்ட் டப்பாவுக்கே திரும்பும். பிறகு பழைய செய்தித்தாளில் ஈரம் தெரியாமல் போகும் வரைக்கும் தேய்க்க வேண்டும். ரோலரையும் இப்படித்தான், கத்தியின் முதுகால் வழித்துவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். இவ்வளவு செய்தால் கழுவ அரை வாளித் தண்ணீர் போதும். எமல்ஷன், டிஸ்டம்பர் என்று தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயின்ட்களுக்கு டின்னரே தேவையில்லை, சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும். தகரப் பட்டைக்குக் கீழே முடி தொடங்கும் இடத்தில்தான் பெயின்ட் ஒளிந்திருக்கும். அங்கே விரலை விட்டுப் பிசைந்து, பழைய சீப்பால் சீவுங்கள். அந்த இடம் இறுகினால் முடி விரிந்துபோய், அடுத்த முறை ஜன்னல் ஓரத்தில் நேர்கோடு பிடிக்காது. கழுவியதும் தாளில் சுற்றிப் படுக்க வைக்கலாம், காம்பில் துளை இருந்தால் தொங்கவும் விடலாம். முடி கீழே ஊன்றும்படி டப்பாவில் நிறுத்தினால் முடி வளைந்துவிடும், பிறகு நிமிராது. மறுநாளும் அதே பெயின்ட் என்றால் கழுவவே வேண்டாம். காற்றுப் புகாமல் பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் காலையில் அப்படியே எடுத்து அடிக்கலாம்.

கழுவிய எமல்ஷன் தண்ணீர் பால் போலக் கலங்கி நிற்கும். குடிதண்ணீர் தெளிய நம் வீடுகளில் படிகாரம் போடுவார்கள் அல்லவா, அதையே இதிலும் கரைத்துவிடுகிறேன். சிறிது நேரத்தில் பெயின்ட் திரிந்து திரிதிரியாகக் கீழே இறங்கத் தொடங்கும். விடிந்து பார்த்தால் மேலே தண்ணீர் தெளிந்திருக்கும், அடியில் சேறு தங்கியிருக்கும். தண்ணீரைக் கழிவறையில் ஊற்றிவிட்டு, சேற்றைத் தாளில் கொட்டிக் காயவைத்துக் கட்டிவிடுகிறோம். மழைநீர்க் குழிக்கு ஒரு சொட்டும் போகாது.

கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயின்டான எனாமலுக்கு டின்னரோ டர்பன்டைனோ இல்லாமல் முடியாது. ஆனால் அதைக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. அழுக்கு டின்னரை மூடி போட்ட தகர டப்பாவில் ஊற்றி, ‘அழுக்கு டின்னர்’ என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் அசையாமல் வைத்தால் சில நாளில் நிறம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை வடித்து, அடுத்த முறை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு லிட்டர் பல வீடுகளுக்கு வரும். காசும் மிச்சம். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். கையை டின்னரில் கழுவும் பழக்கத்தையும் பையன்கள் விட வேண்டும். அது தோல் வழியாக உடம்புக்குள் போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பிசைந்தால் எனாமல் இளகும், பிறகு சோப்புப் போட்டால் போதும்.

துணி விஷயம் உயிர் விஷயம். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணிகளால் எரிந்து, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டின்னரில் கழுவும் வேலை சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுப்பைத் தொடும்.

இன்னொன்று. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் எனாமலை உப்புத்தாளால் தேய்க்கும்போது நனைத்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தூளையும் தண்ணீரையும் முருங்கை, வாழை மூட்டில் ஊற்றக் கூடாது.

சரி, காய்ந்த சேற்றையும் காலி டப்பாவையும் யாரிடம் கொடுப்பது? 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லியிருந்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைத்து, வாங்கும் நேரத்தையும் உள்ளாட்சி அறிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் வேலை செய்யும் தெருக்களில் அப்படியொரு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. டப்பாக்கள் மக்கும் குப்பையோடு போகின்றன, அல்லது காலி மனையில் கிடக்கின்றன.

மார்கழி, தை இரண்டு மாதமாவது குப்பை வண்டியில் பெயின்ட் கழிவுக்குத் தனிப் பெட்டி வைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். பெயின்ட் கடைக்காரர்கள் அழுக்கு டின்னரைத் திரும்ப வாங்கி ஒன்றாகச் சேர்த்து ஒப்படைக்க முன்வந்தால் நாங்களே கொண்டுவந்து தருவோம். வேலை பேசும்போதே பிரஷ் கழுவும் நேரத்தையும் ஒரு வாளியையும் சேர்த்துப் பேசும்படி வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பத்திரிகை அடுத்த பொங்கல் இணைப்பில் ஒவ்வொரு ஊரின் சேகரிப்பு மையத்தையும் அது திறந்திருக்கும் நேரத்தையும் விசாரித்துக் கட்டம் கட்டிப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயின்டர் ஒருவர்,
பாளையங்கோட்டை.