கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா: வேக டிக்கெட் வாங்கிய மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

வேகமாக ஓட்டியதற்குப் போலீஸ் கொடுத்ததாக நீ அனுப்பிய டிக்கெட் (அபராதச் சீட்டு) போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இன்றைக்குக் கட்டாதே. டிக்கெட்டின் அடியில் நீ கோர்ட்டுக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசித் தேதி இருக்கிறது. அதுவரை யோசிக்க நேரம் உண்டு. கட்டிவிட்டால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு, பிறகு அதைத் திருப்புவது பெரும்பாடு. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கலங்கவும் வேண்டாம். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், சொன்ன தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்பது மட்டும்தான்.

முதலில் பிரிவு எண்ணைப் பார். உன் டிக்கெட்டில் கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 22350 என்று எழுதியிருக்கிறது. இதுவே 22349 என்று இருந்திருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். 22349 என்பது மாநிலம் முழுவதற்குமான உச்ச வரம்பு. ஃப்ரீவேயில் (சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில்) மணிக்கு 65 மைலைத் தாண்டினாயா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. ரோடு காலியாக இருந்தது, வானம் தெளிவாக இருந்தது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 22350 அப்படியல்ல. அந்த நேரத்து வெளிச்சம், போக்குவரத்து, ரோட்டின் அகலம், தரை நிலை இவற்றுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டக்கூடாது என்பதே அதன் சாரம். ரோட்டோர போர்டில் இருக்கும் 45 மைல் வரம்பு ஓர் அனுமானம். அதைத் தாண்டினால் ஆபத்தான வேகம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனால் அன்றைய சூழ்நிலையில் அது பாதுகாப்பான வேகம்தான் என்று காட்ட உனக்கு இடம் உண்டு.

அதைவிட முக்கியமான ஒன்று, ரேடார் என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். ரேடாரோ லைடாரோ (லேசர் கதிரால் வேகம் அளக்கும் கருவி) வைத்து இப்படிப்பட்ட ரோட்டில் பிடித்தால், அந்த 45 என்ற வரம்பை அங்கே வண்டிகள் உண்மையில் போகும் வேகத்தை அளந்து எழுதிய ஒரு போக்குவரத்துப் பொறியியல் சர்வே நியாயப்படுத்தியிருக்க வேண்டும். சர்வே காலாவதியானதாக இருந்தாலோ, அதில் உள்ள எண்களுக்கும் போர்டுக்கும் பொருத்தம் இல்லாவிட்டாலோ, அந்த இடம் சட்டத்தின் கண்ணில் 'ஸ்பீட் ட்ராப்'. பிரிவு 40802 முதல் 40805 வரை படித்துப் பார். அப்படிக் கிடைத்த சாட்சியத்தை வைத்துத் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரமே இல்லை. ஸ்பீட் ட்ராப் இல்லை என்று காட்டுவதும் அரசுத் தரப்பின் பொறுப்பு. பள்ளிக்கூடப் பகுதிக்கும் சின்னக் குடியிருப்புத் தெருக்களுக்கும் இது பொருந்தாது. நீ மாட்டியது சான்ட்டா கிளாரா கவுண்டியின் எக்ஸ்பிரஸ்வேயில். அது அந்த விலக்கில் வராது.

அதனால் இந்த வாரம் நீ செய்யவேண்டிய ஒரே வேலை அந்த சர்வேயை வாங்குவது. எக்ஸ்பிரஸ்வேக்கள் கவுண்டியின் ரோட்ஸ் அண்ட் ஏர்போர்ட்ஸ் துறையிடம் இருக்கின்றன, நகராட்சியில் போய் நிற்காதே. பொது ஆவணச் சட்டத்தின் கீழ், இந்தக் குறுக்குத் தெருவிலிருந்து இந்தக் குறுக்குத் தெரு வரை, இந்தத் தேதியில் அமலில் இருந்த பொறியியல் சர்வேயின் சான்றளித்த நகல் வேண்டும் என்று எழுது. சான்றளித்த என்ற சொல்லை விட்டுவிடாதே. சாதாரண நகலை நீதிபதி ஏற்க மறுக்கலாம்.

கைக்கு வந்ததும் முதலில் தேதி. அடிப்படை ஆயுள் ஐந்து வருடம். போலீஸ்காரர் குறைந்தது 24 மணி நேர ரேடார் பயிற்சி முடித்து, கருவியும் கடந்த மூன்று வருடத்துக்குள் சுயேச்சையான நிலையத்தில் அளவு சரிபார்க்கப்பட்டிருந்தால் அந்த ஆயுள் ஏழு வருடமாக நீளும். ரோட்டில் பெரிய மாற்றம் இல்லை என்று பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு மேலும் போகும். எனவே ஆறு வருடப் பழைய சர்வேயைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளாதே. அவருடைய பயிற்சிச் சான்றும் கருவியின் சான்றும் கோர்ட்டுக்கு வந்தனவா என்பது அப்போதுதான் பெரிய கேள்வியாகும்.

அடுத்து 85ஆவது சதவீத வேகம். நூறு வண்டியில் 85 வண்டி அந்த வேகத்திலோ அதற்குக் கீழோ போகிறது என்று பொருள். வரம்பை அதற்கு மிக நெருங்கிய ஐந்தின் மடங்கில் வைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. காரணத்தை எழுதிவைத்தால் ஐந்து மைல் குறைக்கலாம். 85ஆவது சதவீதம் 53 என்று வைத்துக்கொள். நெருங்கிய எண் 55, காரணம் காட்டிக் குறைத்தால் 50. அங்கே 45 போர்டு நின்றால், அது எப்படி வந்தது என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. 2021இல் நிறைவேறிய ஒரு சட்டம் விபத்து அதிகமுள்ளவை என்று அறிவித்த சாலைகளில் மேலும் குறைக்க இடம் தருகிறது, ஆனால் அதுவும் காகிதத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 85ஆவது சதவீதம் 47 என்று வந்தாலோ 45 போர்டு சரியானதுதான். அந்த வழியை அதோடு விட்டுவிடு.

இப்போது பணக் கணக்கு. 63 மைல் என்று எழுதியிருக்கிறார்கள், 45ஐ விட 18 அதிகம். 16 முதல் 25 மைல் வரை அதிகமானால் அடிப்படை அபராதம் 70 டாலர்தான், ஆனால் மாநிலமும் கவுண்டியும் சேர்க்கும் கட்டணங்களோடு சுமார் 367 டாலர் ஆகிவிடும். 15 மைல் வரை என்றால் 238க்குப் பக்கம், 26 மைலுக்கு மேல் போனால் 490ஐத் தொடும். பணத்தைவிட எனக்குக் கவலை, மீறலுக்காக உன் ஓட்டுநர் பதிவில் ஏறும் அந்த ஒரு பாயிண்ட்தான். மூன்று வருடம் உன் டி.எம்.வி. (மாநில வாகனத் துறை) பதிவில் இருக்கும். இன்ஷூரன்ஸில் நல்ல ஓட்டுநருக்கு 20 சதவீதமாவது தள்ளுபடி தரவேண்டும் என்பது 1988இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம். மூன்று வருடத்தில் ஒரு பாயிண்ட் வரை அந்தத் தகுதி போகாது, இரண்டாவது வந்தால் போய்விடும். முதல் பாயிண்டுக்கே கம்பெனி பிரீமியத்தை ஏற்றலாம் என்பது தனி.

அந்தப் பாயிண்டை மறைக்க இருக்கும் வழி ட்ராஃபிக் ஸ்கூல், அதாவது விதி மீறிய ஓட்டுநர்களுக்கான வகுப்பு. 25 மைலுக்கு மேல் தாண்டவில்லை, அதனால் கவுண்டரில் கேட்டாலே கொடுப்பார்கள். முழு அபராதமும் கட்டவேண்டும், அதற்குமேல் கோர்ட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது டாலர், ஆன்லைன் ஸ்கூலுக்குத் தனிக் கட்டணம். முடித்துவிட்டால் பாயிண்ட் இன்ஷூரன்ஸ்காரர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 18 மாதத்துக்கு ஒரு முறைதான், அதுவும் ஒரு மீறல் தேதியிலிருந்து அடுத்த மீறல் தேதி வரைக்கும் எண்ண வேண்டும். நீ தினமும் 101, 280 ஃப்ரீவேக்களில் போகிறவள். அங்கே டிக்கெட் விழுந்தால் அது 22349, சர்வேயைக் காட்டித் தப்ப முடியாது. எதிர்க்க வழியுள்ள டிக்கெட்டுக்கு ட்ராஃபிக் ஸ்கூலைச் செலவழித்துவிட்டு, எதிர்க்க வழியே இல்லாத டிக்கெட் வரும்போது கையை விரிக்கவேண்டி வரும். இதை நன்றாக யோசி.

சர்வேயில் ஓட்டை இருந்தால், நேராகக் கோர்ட்டுக்குப் போகாமல் எழுத்து மூல விசாரணையைக் கேள். டி.ஆர்.-205 என்ற படிவம். முழு பெயில் தொகையையும் (அபராதத்துக்கு ஈடான பணம்) முன்கூட்டியே கட்டவேண்டும், ஜெயித்தால் திருப்பித் தருவார்கள். போலீஸ்காரரும் தன் பக்கத்தை எழுத்தில் அனுப்பவேண்டும். அவர் அனுப்பாமலே போனால் வழக்கு பெரும்பாலும் தள்ளுபடிதான். தோற்றால் முடிவைத் தபாலில் சேர்த்த நாளிலிருந்து 20 நாளுக்குள் டி.ஆர்.-220 போட்டு, முதல் தீர்ப்பே நடக்காதது போலப் புதிதாக நேர் விசாரணை கேட்கலாம். ஆக உனக்கு இரண்டு வாய்ப்பு. இந்த 20 நாளைத் தவறவிட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் வருந்துகிறார்கள். தபால் பெட்டியை தினமும் திற.

என்ன எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். அது பொய் சொன்னால் தண்டனைக்குரிய சத்தியப் பிரமாணம், எனவே உண்மையைத் தவிர ஒரு சொல்லும் வேண்டாம். அதே நேரத்தில் கேட்காததைக் கொட்டவும் வேண்டாம். எல்லாரும் அந்த வேகத்தில்தான் போனார்கள், போர்டைப் பார்க்கவில்லை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது: இந்த மூன்றும் குற்றத்தை நீயே எழுதிக் கொடுப்பது மாதிரி. சர்வே தேதி, 85ஆவது சதவீதம், போர்டின் எண், அது ஏன் பொருந்தவில்லை, அதனால் 40805இன்படி இந்தச் சாட்சியத்தை ஏற்கமுடியாது என்று ஒரே பக்கத்தில் முடி. சான்றளித்த நகலைப் பின்னால் இணை. கடைசி வரியாக, குற்றம் உறுதியானால் ட்ராஃபிக் ஸ்கூல் அனுமதி கேட்டுக்கொள். விசாரணைக்குப் பிறகு அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி கையில் இருக்கிறது. எதிர்ப்பதில் இருக்கும் உண்மையான ரிஸ்க் இதுதான், அதனால்தான் சர்வே கையில் இல்லாமல் எதிர்க்காதே என்று அழுத்திச் சொல்கிறேன்.

நேர் விசாரணை வந்தால் ஜூரி கிடையாது, இலவச வக்கீல் கிடையாது. பெரும்பாலும் அரசுத் தரப்பு வக்கீலும் இருக்கமாட்டார். நீ, போலீஸ்காரர், நீதிபதி இடத்தில் உட்காரும் ஒரு கோர்ட் கமிஷனர், அவ்வளவுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற விதி இந்தச் சின்ன வழக்குக்கும் உண்டு. போலீஸ்காரர் வரவில்லை என்றால் எழுந்து தள்ளுபடி கேள். வந்திருந்தால் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதே. முடித்ததும் சர்வேயைத் தாக்கல் செய்தாரா, பயிற்சிச் சான்று எங்கே, கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது, அன்று ட்யூனிங் ஃபோர்க் (இசைக்கவை) வைத்து ரேடாரைச் சோதித்தாரா என்று வரிசையாகக் கேள். தன் டிக்கெட் நகலின் பின்புறம் அவர் எழுதிய குறிப்புகளை முன்கூட்டியே அவருடைய துறைக்கு எழுதிக் கேட்கலாம். நீ எந்த லேனில் இருந்தாய், பக்கத்தில் வண்டிகள் இருந்தனவா என்பது அதில் இருக்கும். லைடார் கதிர் ஆயிரம் அடி தூரத்திலும் சில அடி அகலம்தான். ரேடார் கதிரோ அந்தத் தூரத்தில் எல்லா லேனையும் மூடிவிடும். உன்னைச் சுற்றி வண்டிகள் இருந்திருந்தால், அந்த எண் உன் வண்டியுடையதுதானா என்பது நியாயமான கேள்வி. ரேடார் நேராக இல்லாமல் சாய்வாகப் பார்த்தது, அதனால் கோணப் பிழை என்று மட்டும் ஆரம்பிக்காதே. நின்றுகொண்டு பிடிக்கும் ரேடாரில் கோணம் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், அது உனக்கு லாபம்.

எந்த முடிவு எடுத்தாலும் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வேக மீறல் சாதாரணக் குற்றம். தேதிக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வாகனச் சட்டம் 40508இன்படி அதைவிடப் பெரிய, தனிக் குற்றம். கிரீன் கார்டில் இருக்கும் உனக்கு நாளைக்கு சிட்டிசன்ஷிப் மனுவில் அது தேவையில்லாத பக்கத்தைத் திறக்கும். அபராத ரசீது, தீர்ப்பு எல்லாவற்றையும் பத்திரமாக ஒரு ஃபைலில் வை. கோர்ட் நினைவூட்டுக் கடிதம் வரவில்லை என்பது சாக்காகாது.

ஒன்று சொல்லியாகவேண்டும். அந்த ரோட்டில் சிக்னல் இருக்கிறது, சைக்கிள்காரர்கள் போகிறார்கள். சர்வே என்ன சொன்னாலும் அங்கே 63 எனக்குப் பயமாக இருக்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொள் கண்ணு.

கவுண்டிக்கு இன்றே எழுது. பதில் வருவதற்குள் கடைசித் தேதி நெருங்கினால், கோர்ட் வலைத்தளத்தில் அவகாசம் கேட்டு அந்த ஒப்புகையை அச்செடுத்து வை. சர்வே வந்ததும் எல்லாப் பக்கத்தையும் எனக்கு ஸ்கேன் செய்து அனுப்பு. 85ஆவது சதவீதம் 47 அல்லது அதற்குக் கீழே இருந்து, தேதியும் சரியாக இருந்தால் அன்றைக்கே ட்ராஃபிக் ஸ்கூலுக்குப் பதிந்துவிடு. சர்வேயில் ஓட்டை இருந்தால் டி.ஆர்.-205ஐ நாம் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
அப்பா