கருணை மனுவைத் தூக்கி எறியாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. குற்றவாளிகளை அரசு மன்னிக்கிற அதிகாரம் ராஜா காலத்து மிச்சம், எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று ஆன பிறகு அரசியல் சாசனத்தில் அதற்கு இடமே இருக்கக் கூடாது என்று கட்டுரை எழுதப்போவதாக நேற்று போனில் சொன்னாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம்.

முதலில் உன் பக்கத்து நியாயம். புறநானூற்றில் 46ஆம் பாட்டை எடுத்துப் படி. சோழ ராஜா கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துபோன சின்னப் பிள்ளைகள், மன்றத்தை மிரண்டு மிரண்டு பார்க்கிறார்கள். புலவர் கோவூர் கிழார் முன்னால் வந்து, ஒரு புறாவின் துயரம் தீர்த்தவனுடைய வம்சம் நீ என்று நினைவுபடுத்துகிறார். கடைசியில், கேட்டுக்கொண்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள், சரி. ஆனால் ஒரு தப்பும் செய்யாத உயிர்கள் ராஜாவின் விருப்பத்தில் தொங்கியது எனக்கு இன்றைக்கும் பதறுகிறது. அது கருணை கேட்கிற இடமே இல்லை, நியாயம் கேட்கிற இடம். இங்கே கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நான் மனு எழுதிக் கொடுக்கிற கிழவிகள் கூட, முதியோர் பென்ஷனுக்கு "அய்யா மனசு வெச்சா கிடைக்கும்" என்றுதான் சொல்கிறார்கள், தங்களுக்கு உரியதைப் பிச்சை மாதிரி கேட்கிறார்கள். இந்த வகைக் கருணையை ஒழிக்க வேண்டும் என்றால் நானும் உன் கட்சிதான்.

அப்புறம் நீ சொன்ன ஜெர்மன் தத்துவஞானி காண்ட். 1797இல் அவர் எழுதியது உண்மையிலேயே கனமான வாதம்: அரசனுடைய உரிமைகளிலேயே வழுக்கலானது மன்னிக்கும் உரிமை, குடிமக்கள் ஒருவருக்கொருவர் இழைத்த குற்றத்தில் அதைக் கையில் எடுக்கக் கூடாது, தனக்கு இழைத்த குற்றத்துக்கு மட்டும் எடுக்கலாம். நம் தென்பெண்ணைக் கரையில், திருக்கோவிலூரில் ராஜாவாக இருந்த மெய்ப்பொருள் நாயனாரை நினைத்துப் பார். சிவனடியார் வேஷத்தில் சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்து குத்தினான் அவருடைய பகைவன் முத்தநாதன். காவலன் தத்தன் வாளை ஓங்க, "தத்தா, நமர்", அதாவது இவர் நம்மவர், என்று தடுத்து, அவனை ஊர் எல்லை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார். குத்துப்பட்டது அவர் உடம்பு, மன்னிக்க அவருக்கு உரிமை இருந்தது. இன்னொருத்தர் பிள்ளையைக் கொன்றவனை மன்னிக்க ஆளுநருக்கு என்ன உரிமை என்று நீ கேட்டால், எதுவும் இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் அரசு செய்வது மன்னிப்பே இல்லை பாப்பா, இங்கேதான் உனக்கும் எனக்கும் தகராறு. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார்கள், மகன் கேப்பர் மலை ஜெயிலில் ஆயுள் கைதி. வாலிபத்தில் உள்ளே போனவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. முன்விடுதலை மனுவில் என்ன எழுத என்று கேட்டால், மகன் நல்லவன் என்று அவர்கள் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. "அவன் செஞ்சது செஞ்சதுதான் சார், இப்ப இருக்கறவனைப் பாக்கச் சொல்லுங்க" என்பார்கள். நீதிபதி தீர்ப்போடு ஃபைலை மூடிவிடுகிறார். சட்டம் குற்றம் நடந்த அந்த நாளைத்தான் பார்க்கும். அதற்குப் பிறகான ஆளைப் பார்க்க யாராவது வேண்டாமா? அரசியல் சாசனத்தின் 72ஆவது பிரிவில் குடியரசுத் தலைவருக்கும் 161இல் ஆளுநருக்கும் அந்தப் பார்வையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். தண்டனையைக் குறைக்கும்போது குற்றம் குற்றமாகவே நிற்கும், தண்டனைதான் குறையும்.

அதுவும் அவர்கள் மனசுக்குத் தோன்றியபடி இல்லை. அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். இது தனிப்பட்ட அருள் இல்லை, மக்கள் ஒப்படைத்த பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1988இல் கேஹர் சிங் வழக்கில் சொன்னது. சாதி, மதம், கட்சி பார்த்துக் கொடுத்தால் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. 2014 ஜனவரியில், மனுவை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டது கொடுமை என்பது உள்ளிட்ட காரணங்களால் 15 பேருடைய தூக்கை அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கிள்ளிவளவனிடம் கோவூர் கிழார் இதையெல்லாம் கேட்டிருக்க முடியுமா?

"கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு" என்று குறள் போடுகிற நிபந்தனையைக் கவனி, கடமையும் கெடக் கூடாது, கண்ணோட்டமும், அதாவது இரக்கமும், வேண்டும். அதனால் அதிகாரத்தை ஒழி என்று எழுதாதே, காரணத்தை எழுத்தில் கொடு என்று எழுது. தண்டனையைக் குறைத்தால் செத்தவன் வீட்டுக்கும், மறுத்தால் கைதியின் அம்மாவுக்கும், அவர்களுக்குப் புரிகிற தமிழில், ஏன் என்று ஒரு பக்கம் அரசு எழுதித் தர வேண்டும். இதற்கு உன் காண்ட் என்ன சொல்வார் என்று யோசித்துப் பதில் போடு.

அப்பா
கடலூர்