மயில்துத்தம் வெளுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில், மயில்துத்தத்தில் (நீரேறிய காப்பர் சல்பேட்) உள்ள படிக நீரை, அதாவது படிகத்தோடு பிணைந்திருக்கும் நீரைக் கணக்கிடும் சோதனையை விளக்கியிருந்தீர்கள். 'நீல நிறம் மறையும்வரை சூடாக்கினால் போதும்' என்ற வரிதான் இடிக்கிறது. அதை நம்பிச் செய்தால், ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்ற சரியான விடை 5 வராது.

ஐந்து நீர் மூலக்கூறுகளும் ஒரே மூச்சில் வெளியேறுவதில்லை. நான்கு, 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே போய்விடும். கடைசி ஒன்றைப் பிரிக்க 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் நான்கு போனதுமே தூள் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும்; பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான். 2.50 கிராம் எடுத்தால், முழுக்க உலர்ந்தபின் 1.60 கிராம் நிற்க வேண்டும். வெளுத்ததும் அடுப்பை அணைத்தால் 1.78 நிற்கும். அதை நீரற்ற உப்பாக வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது 3.6. நான்குகூட இல்லை, ஏனென்றால் போகாத நீர் உப்பின் எடையில் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே எப்போது நிறுத்துவது என்று தராசைத்தான் கேட்க வேண்டும். வெறும் மூசையை (சூடாக்க உதவும் பீங்கான் கிண்ணம்) மூடியோடு சூடாக்கி ஆறவைத்து முதலில் எடை போடுங்கள். படிகத்தைப் பொடித்துப் போட்டு, மூடியைச் சற்றே சாய்த்து வைத்து, ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். எடுத்த எடுப்பிலேயே தீயைக் கூட்டினால் நீராவி தூளைச் சிதறடிக்கும். சிதறிய உப்பும் நீர்க் கணக்கில் ஏறி, விடை 5ஐத் தாண்டும். பிறகு தீயைக் கூட்டிப் பத்து நிமிடம். ஆறவைத்து எடை போட்டு, மறுபடி ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.01 கிராமுக்குள் ஒத்துப்போகும்வரை இதையே தொடர வேண்டும்.

ஆறவைப்பது டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிக் கலம்) இருக்கட்டும். நீரற்ற தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அவசரப்பட்டுச் சூட்டோடு எடை போட்டால், மேலெழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். தூளின் ஓரம் கறுத்தால் சல்பேட் சிதைந்து காப்பர் ஆக்சைடு ஆகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

'எல்லா நீரேறிய உப்புகளுக்கும் இதே முறை' என்றதும் சரியல்ல. எப்சம் உப்பில் (நீரேறிய மெக்னீசியம் சல்பேட்) பாதி எடை நீர்தான். தன் நீரிலேயே உருகிக் கொதிக்கும், பொறுமையாகச் செய்தால் உலரும். மெக்னீசியம் குளோரைடு அப்படி உலராது. நீரோடு ஹைட்ரஜன் குளோரைடும் வெளியேறி, கடைசியில் ஆக்சைடு மிஞ்சும். அன்னபேதியை (நீரேறிய இரும்பு சல்பேட்) கடுமையாகச் சூடாக்கினால் கந்தக டை ஆக்சைடு வரும், வகுப்பறையில் வேண்டாம்.

நீலம் திரும்புவதைக் காட்டத் தண்ணீர் விடச் சொன்னீர்களே, மூசை நன்றாக ஆறிய பிறகு, சொட்டுச் சொட்டாக என்று சேர்த்துப் போடுங்கள். சூடான பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஆறிய தூளிலேயே தண்ணீர் பட்டதும் நல்ல சூடு கிளம்பும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்,
விருதுநகர்